மலையேற்றத்துக்கு ஒரே ஒரு டெலி லென்ஸ்: 70-200 எஃப்/4-ஆ, 100-400-ஆ?

மலையேற்றப் பையில் தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸ் ஒன்றுக்குத்தான் இடம் என்றால், போட்டி கடைசியில் இந்த இரண்டுக்கு நடுவே வந்து நிற்கும். நான் எடுத்தது 70-200 எஃப்/4 (70 முதல் 200 மி.மீ. வரை ஜூம்; எஃப் எண் லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் சிறிதானால் துவாரம் பெரிது). அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். பெரிய சென்சார் கொண்ட முழு ஃபிரேம் கேமரா, நிலக்காட்சி மட்டுமே நோக்கம் என்பது இங்கே கணக்கு. பறவையோ விலங்கோ முக்கியம் என்பவர்கள் யோசிக்காமல் 100-400-க்குப் போகலாம்.

70-200 எஃப்/2.8-ஐ முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். அருமையான லென்ஸ்கள்தான். ஆனால் கேனன் ஆர்எஃப் 1,070 கிராம், சோனி ஜிஎம் II 1,045 கிராம். மலைவரிசையை எடுக்கும்போது பெரும்பாலும் எஃப்/8-இல் நிற்கப்போகிறோம். பயன்படுத்தாத ஒரு ஸ்டாப்புக்காக (வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும் ஒரு படிக்காக) அந்த எடையை மேலே ஏற்ற வேண்டியதில்லை.

மற்ற இரண்டின் எடையையும் பார்த்துவிடலாம். கேனன் ஆர்எஃப் 70-200 எஃப்/4 695 கிராம். சோனி 70-200 எஃப்/4 மேக்ரோ ஜி II 794 கிராம். எதிர்ப்பக்கம் சிக்மா 100-400 டிஜி டிஎன் சுமார் 1,140 கிராம், நிக்கான் இசட் 100-400 1,355 கிராம், சோனி 100-400 ஜிஎம் 1,395 கிராம். கடைசி இரண்டும் முக்காலி வளையத்தை (லென்ஸை முக்காலியில் பொருத்தும் பிடியை) கழற்றிய எடை. வித்தியாசம் அரைக் கிலோ சொச்சம். பலர் இதோடு கணக்கை முடித்து, "அரைக் கிலோதானே, தூக்கிவிடலாம்" என்று 400-ஐ வாங்கிவிடுகிறார்கள். முடிவு செய்ய வேண்டியது லென்ஸின் எடையை வைத்து அல்ல, அது இழுத்து வரும் முக்காலியை வைத்து.

விடியலில் முகடு மட்டும் நிறம் மாறும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்வு) 800, எஃப்/8 வைத்தால் ஷட்டர் 1/30 நொடிப் பக்கம் வந்து நிற்பது சாதாரணம். கையில் பிடித்து எடுக்க, மி.மீ. எண்ணைத் தலைகீழாக்கும் பழைய விதிப்படி 200-க்கு 1/200, 400-க்கு 1/400 வேண்டும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் ஐந்து ஸ்டாப் தரும் என்று பெட்டியில் போட்டிருக்கும். ஏற்றம் ஏறி மூச்சிரைத்து நிற்கும்போது மூன்றை நம்புவதே பத்திரம். மூன்று ஸ்டாப் கழித்தால் 200-க்கு 1/25, 400-க்கு 1/50. அதாவது அதே வெளிச்சத்தில் 200 கையிலேயே தேறிவிடும், 400 தேறாது. 400-ஐ எஃப்/5.6-க்குத் திறந்தால் 1/60 கிடைக்கும், அதுவும் விளிம்பில்தான். காற்று வீசினால் அதுவும் போச்சு.

ஆக 100-400 வாங்கினால் முக்காலி கட்டாயமாகிறது. எந்த முக்காலி என்பதுதான் அடுத்த சிக்கல். ஒரு கிலோ எடையுள்ள பயண முக்காலி 70-200 எஃப்/4-ஐத் தாங்கும். நடுத்தண்டை ஏற்றாமல், மெலிந்த கடைசிக் கால் பகுதியை உள்ளேயே விட்டு, பையைக் கீழே தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிட்டால் போதும். பையை அந்தரத்தில் ஆடவிட்டால் அதுவே முக்காலியை ஆட்டும். அதே முக்காலியில் 400-ஐ ஏற்றிவிட்டு, கேமராத் திரையில் தெரியும் லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி முகட்டு ஓரத்தைப் பாருங்கள். காற்றே இல்லை என்று தோன்றும் நேரத்திலும் அந்தக் கோடு மெதுவாக நீந்திக்கொண்டிருக்கும். ஃபோகஸ் வளையத்தைத் தொட்டால் காட்சி குதிக்கும், அடங்க இரண்டு மூன்று நொடியாகும். லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட்டைக் கழற்றினால் கொஞ்சம் அடங்கும், ஏனென்றால் காற்றுக்குப் பாய்மரமாக நிற்பது அதுதான். முழுதாக அடங்க வேண்டுமானால் தடித்த கால், பெரிய தலை, முக்காலி வளையம் என்று போக வேண்டும். அதில் இன்னொரு அரைக் கிலோ. லென்ஸில் கூடிய அரைக் கிலோ, பையில் ஒரு கிலோவுக்கு மேலாகிவிடுகிறது. அந்தச் சுமையில் கேமராவைப் பைக்குள் திணித்துவிட்டு நடப்போம். நின்று, இறக்கி, எடுத்து மாட்டுவதற்குள் மேகம் மூடிவிடும். 700 கிராம் லென்ஸ் என்றால் பைப்பட்டையில் கிளிப் போட்டு மார்புப் பக்கமே தொங்கும். பையை இறக்காமலே எடுத்துவிடலாம்.

எந்த லென்ஸானாலும் முக்காலியில் போட்டதும் இரண்டு நொடி டைமர் வையுங்கள். மிரர்லெஸ் என்றால் எலக்ட்ரானிக் முதல் திரையை (ஷட்டர் அசையாமல் பதிவைத் தொடங்கும் அமைப்பை) போடுங்கள். சில ஷட்டர் வேகங்களில் ஷட்டர் அதிர்வே படத்தைக் கெடுக்கும். ஒரே காட்சியை ஐந்தாறு முறை எடுத்து, காற்று ஓய்ந்த நொடியில் விழுந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

"200 எட்டாதே" என்ற கேள்வி நியாயமானது. தூரத்து மலையடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதுபோல் தெரிவது லென்ஸின் வேலை அல்ல, நாம் நிற்கும் தூரத்தின் வேலை. நின்ற இடம் மாறாவிட்டால் 200-இல் எடுத்து வெட்டினாலும் 400-இல் எடுத்தாலும் அடுக்குகளின் அமைப்பு ஒன்றே. இழப்பது பிக்சல்கள் மட்டும். 45 மெகாபிக்சல் கேமராவில் 200-ஐ 300 அளவுக்கு வெட்டினால் 20 மெகாபிக்சல் மிஞ்சும், அதை 18 அங்குல அகலத்துக்கு 300 டிபிஐ-யில் அச்சிடலாம். 400 அளவுக்கு வெட்டினால் 11 மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் கேமரா வைத்திருப்பவருக்கு அதே வெட்டு 6-இல் கொண்டுபோய் விடும். அவருக்கு என் வாதத்தின் வலு பாதியாகக் குறைகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பத்து இருபது கிலோமீட்டர் தாண்டிய சிகரத்தில் பிக்சலுக்கு முன்னால் காற்றே குறுக்கே வரும். வெயில் ஏறிய பிறகு சரிவிலிருந்து எழும் சூட்டில் முகட்டு ஓரம் அலைபாயும். முக்காலியோ விலை உயர்ந்த கண்ணாடியோ அதைச் சரிசெய்யாது. புகைமூட்டம் வேறு. அந்த நேரத்தில் 400 தருவது பெரிதான மங்கல்தான். அதன் முழுக் கூர்மை கிடைப்பது விடியலிலும், மழை கழுவிவிட்ட மறுநாளிலும்.

ஃபோகஸிலும் 200 கை கொடுக்கும். எஃப்/8-இல் 200 மி.மீ.-க்கு ஹைப்பர்ஃபோகல் தூரம் சுமார் 167 மீட்டர். அங்கே ஃபோகஸ் வைத்தால் ஏறக்குறைய 84 மீட்டரிலிருந்து தொடுவானம்வரை தெளிவு. 400-இல் அந்தத் தூரம் 667 மீட்டர், தெளிவு தொடங்குவது 333-க்கு அப்பால். முன்சரிவில் 150 மீட்டரில் ஒரு மரம், பின்னால் சிகரம் என்றால், 400-இல் இரண்டு ஃபோகஸில் எடுத்து ஒட்ட வேண்டிவரும். இந்த எண்கள் வெட்டாத படத்துக்கு. வெட்டிப் பெரிதாக்கினால் அனுகூலம் குறையும், ஆனாலும் 200-தான் முன்னே நிற்கும். இரண்டிலும் வளையத்தைக் கடைசிவரை திருகி "இன்ஃபினிட்டி" என்று நம்ப வேண்டாம். வெப்பநிலை மாற்றத்துக்கு இடம் கொடுத்து, டெலி லென்ஸ்கள் அதையும் தாண்டிச் சுழலும்படிதான் செய்யப்படுகின்றன. மூட்டத்தில் ஆட்டோஃபோகஸ் தடுமாறினால், வானத்தை வெட்டும் முகட்டு ஓரத்தில் வைத்துப் பிடியுங்கள்.

400 சந்தேகமில்லாமல் ஜெயிக்கும் இடம் சிகரத்தோடு நிலவு. சென்சாரில் விழும் நிலவின் விட்டம், மி.மீ. எண்ணை 110-ஆல் வகுத்தால் வரும். 200-இல் 1.8 மி.மீ., 24 மி.மீ. உயரச் சட்டத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கு, வெறும் பொட்டு. 400-இல் 3.6 மி.மீ., அதற்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். அந்த மாதிரிப் படங்களே உங்கள் ஆசை என்றால் மேலே சொன்ன எடைக் கணக்கை மறந்துவிடுங்கள். மறுபக்கம், 70-க்கும் 100-க்கும் இடைப்பட்ட பகுதி மலையில் அடிக்கடி தேவைப்படும்: பள்ளத்தாக்கின் இரண்டு சரிவும் சேர்ந்த காட்சி, பாதையில் நடப்பவரும் பின்னால் மலையும். கூட வருவது 24-105 என்றால் அந்த இடைவெளி தெரியாது. 24-70 என்றால் லென்ஸ் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மழையில் ஒரு கவனம். மேலே சொன்ன 100-400-கள் எல்லாமே ஜூம் செய்தால் நீளும், 70-200 எஃப்/4 இரண்டும் அப்படித்தான். நீண்ட குழலில் துளி நிற்கும்போது அப்படியே சுருக்கினால் ஈரமும் மண்ணும் உள்ளே போகும். துணியால் ஒரு சுற்று துடைத்த பிறகே சுருக்குங்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் போகுமுன் ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி மூடிவிட்டால், பனித்துளி பைக்கு வெளியே பூக்கும், கண்ணாடியில் அல்ல.

என் எடை வாதத்தை உண்மையிலேயே அசைப்பது கேனன் ஆர்எஃப் 100-400 எஃப்/5.6-8. 635 கிராம்தான். முக்காலியில் எஃப்/8-இல் எடுப்பவருக்கு அந்தச் சின்ன அபர்ச்சர் (துவாரம்) ஒரு குறையே இல்லை. ஆனால் விடியலில் கையில் பிடிப்பவருக்குத் திறக்க இடமில்லை. மழை, தூசித் தடுப்பும் இல்லை. வருடக்கணக்கில் ஈர மலைகளில் உழைக்குமா என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அதில் பழக்கம் போதாது. 545 கிராம் டாம்ரான் 70-300-இல் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, அது கேமராவிலேயே இருந்தால் மட்டும் பாருங்கள்.

70-200 எஃப்/4 வாங்கும்போது ஒன்றை மட்டும் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள்: டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே போட்டு எட்டும் தூரத்தைக் கூட்டும் துண்டு) பொருந்துமா? சோனி மேக்ரோ ஜி II-க்குப் பொருந்தும், 1.4 மடங்கு போட்டால் 280 எஃப்/5.6 ஆகிவிடும். 695 கிராம் கேனனுக்குப் பொருந்தாது, பின்னால் ஆசை வந்தாலும் வழியில்லை.