ஏபிசி 600 விஏ யுபிஎஸ்: தானே ரீபூட் ஆகும் வீட்டு சர்வருக்கு இது மருந்தா?

சென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் வீட்டில் ஃபைல் சர்வர் (ஃபைல்களைச் சேமித்துப் பகிரும் கம்ப்யூட்டர்) வைத்திருப்பவர்கள், பெட்டி தானாக ரீபூட் ஆனால் முதலில் கரண்டைத்தான் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகத்துக்குக் காரணமும் இருக்கிறது. மெட்ரோ வாட்டர் வரும் நேரத்தில் தெரு முழுக்க ஒரே சமயத்தில் மோட்டார் போடுகிறார்கள். ஐஸ் ஃபேக்டரி பக்கத்தில் இருந்தால் கம்ப்ரசர் கிளம்பும்போதெல்லாம் டியூப்லைட் கண் சிமிட்டும். அதனால் யோசிக்காமல் ஏபிசி பேக்-யுபிஎஸ் பிஎக்ஸ்600சி-ஐஎன் மாதிரி ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிப் போடுகிறார்கள். சிலருக்குப் பிரச்சினை அன்றோடு தீர்கிறது. சிலருக்கு யுபிஎஸ் போட்ட பிறகும் ரீபூட் தொடர்கிறது.

பணத்தை எடுப்பதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஹார்டு டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 12ஆம் எண் வரிசை பவர் சைக்கிள் கவுன்ட், அதாவது டிஸ்க்குக்கு மின்சாரம் போய்த் திரும்ப வந்தது எத்தனை தடவை என்ற கணக்கு. 192ஆம் எண், ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் மின்சாரம் போனதால் டிஸ்க்கைப் படிக்கும் ஹெட்டை அவசரமாகப் பின்னிழுத்த கணக்கு. இரண்டையும் இன்றைக்குக் குறித்து வையுங்கள். அடுத்த ரீபூட்டுக்குப் பிறகு மறுபடி பாருங்கள். எண் ஏறியிருந்தால் டிஸ்க்குக்கு மின்சாரம் நிஜமாகவே அறுந்திருக்கிறது. குற்றவாளி லைனிலோ, எஸ்எம்பிஎஸ்ஸிலோ (பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை), பவர் கேபிளிலோ இருக்கிறது. எண் அப்படியே இருந்தால் மதர்போர்டு மட்டும் ரீசெட் ஆகியிருக்கிறது. ராம், சூடு, கெர்னல் (இயங்குதளத்தின் மையம்), வாட்ச்டாக் டைமர் (சிஸ்டம் உறைந்தால் தானே ரீசெட் செய்யும் டைமர்) என்று தேட வேண்டும்; அங்கே யுபிஎஸ்ஸுக்கு வேலையே இல்லை. ஒரு எச்சரிக்கை: மிகச் சிறிய வோல்டேஜ் சரிவில் எஸ்எம்பிஎஸ்ஸின் 'பவர் குட்' சிக்னல் (மின்சாரம் சரியாக இருக்கிறது என்று போர்டுக்குச் சொல்வது) மட்டும் ஒரு கணம் விழும், போர்டு ரீசெட் ஆகும், டிஸ்க் கணக்கு ஏறாது. ஆகவே ஒரே ஒரு ரீபூட்டை வைத்துத் தீர்ப்பு எழுதாமல் மூன்று நான்கு தடவை பார்த்துவிடுங்கள்.

லாக்கும், அதாவது சர்வர் தன் நடப்பை எழுதிவைக்கும் பதிவும், பேசும். முந்தைய பூட்டின் கடைசி வரிகளை எடுத்துப் பாருங்கள். வழக்கமான வரி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அறுந்து நின்றால் மின்சாரமோ வன்பொருளோதான். கெர்னல் பேனிக், மெஷின் செக் என்று பிழைச் செய்தி ஏதாவது எழுதியிருந்தால் ராம், சிபியு, டிரைவர் பக்கம் போங்கள். பென்டிரைவிலிருந்து பூட் ஆகும் சர்வர்களில், பென்டிரைவ் தேயாமல் இருக்க லாக்கை ராமில் வைக்கிற வழக்கம் உண்டு. அப்படியானால் ரீபூட்டோடு சாட்சியும் அழிந்துவிடும். முதலில் லாக்கை டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

எண் ஏறவில்லை என்றால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ராத்திரி முழுக்க, குறைந்தது நான்கு சுற்று ஓடவிடுங்கள். 2022இல் வந்த 6.00 பதிப்பிலிருந்து பழைய பயாஸுக்குப் பதில் யுஇஎஃப்ஐ உள்ள போர்டுகளிலும் ஓடும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். உடனே ராமைத் தூக்கிப் போட வேண்டாம். கடற்கரை ஓரத்து வீடுகளில் உப்புக் காற்று ராம் காண்டாக்டில் படலம் கட்டிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, ஒவ்வொரு ஸ்டிக்காகப் போட்டு மறுபடி சோதியுங்கள். அழிரப்பர் வேண்டாம், தங்கப் பூச்சைத் தேய்த்துவிடும்.

சரி, எண் ஏறியிருக்கிறது, மின்சாரம்தான் காரணம் என்று தெரிந்துவிட்டது. இப்போது இந்த யுபிஎஸ்ஸைப் பார்ப்போம்.

600 விஏ என்று பெட்டியில் பெரிதாக இருந்தாலும் கொடுக்கிற சுமை 360 வாட். நான்கு 3.5 அங்குல டிஸ்க் உள்ள சர்வர் சும்மா ஓடும்போது 40 முதல் 60 வாட்தான் இழுக்கும். ஆன் ஆகும் நொடியில் ஒவ்வொரு டிஸ்க்கும் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை கேட்கும். நான்குக்கும் சேர்த்து 96 வாட். அதுவும் இதற்குப் பெரிய விஷயமில்லை. உள்ளே 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்று. பேட்டரி புதிதாக இருக்கும்வரை 50 வாட் சுமைக்கு 20 நிமிடத்துக்கு மேல் தாங்கும். மூன்று சாக்கெட் இருக்கிறது: சர்வர், ஃபைபர் மோடம், ரவுட்டர் என்று சரியாகப் போய்விடும். லேசர் பிரிண்டரை மட்டும் இதில் கொண்டுவந்து சொருகாதீர்கள்.

கண் சிமிட்டும் சரிவுகளுக்கும் ஓரிரு நிமிட மின்வெட்டுக்கும் இந்த விலையில் இது நல்ல சரக்கு. குறை வேறு இடத்தில் இருக்கிறது. இதில் டேட்டா போர்ட் கிடையாது. கரண்ட் போனது சர்வருக்குத் தெரியவே தெரியாது. பேட்டரி தீரும்வரை எழுதிக்கொண்டே இருந்து, தீர்ந்த கணத்தில் விழும். ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை) வைத்திருப்பவருக்கு இது சின்னக் குறை இல்லை. யுஎஸ்பி டேட்டா போர்ட் உள்ள பேக்-யுபிஎஸ் ப்ரோ வகைக்கு விலை கூடும். ஆனால் சர்வரில் என்யுடி என்ற யுபிஎஸ் கண்காணிப்பு மென்பொருளைப் போட்டுக் கேபிளைச் செருகினால், பேட்டரி இறங்கியதும் தானே ஒழுங்காக ஷட்டவுன் ஆகும். கைக்குக் கட்டுப்படியானால் அதையே வாங்குங்கள்.

600 விஏ மட்டுமே முடியும் என்றால் ஒரு மாற்று வழி இருக்கிறது. வைஃபை ஸ்மார்ட் பிளக் இரண்டை யுபிஎஸ்ஸிலும் சேராத, வீட்டு இன்வெர்ட்டரிலும் சேராத சாக்கெட்டுகளில் வையுங்கள். சர்வர் 30 நொடிக்கு ஒரு தடவை இரண்டையும் பிங் செய்யட்டும், அதாவது நெட்வொர்க் வழியாகப் பதில் கேட்கட்டும். தொடர்ந்து 5 நிமிடம் இரண்டுமே பதில் தராவிட்டால் ஷட்டவுன் கட்டளை. ஒன்றை மட்டும் நம்பினால் அது வைஃபையை விட்டு விழுந்த அன்றைக்குச் சர்வரும் வீணாக அணையும். ரவுட்டர் தொங்கிப்போனாலும் இரண்டும் ஒன்றாகத்தான் மறையும். அதனால் ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்லும்போது மட்டுமே இந்தக் கணக்கை ஓடவிடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருப்பவர்கள் அதன் பின்பக்க சுவிட்சைப் பாருங்கள். பல மாடல்களில் யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று இரண்டு இருக்கும். நார்மல் மோடில் லைன் 100 வோல்ட் வரை இறங்கினாலும் அப்படியே உள்ளே விடும், மாறுவதற்கு 40 மில்லி விநாடி வரை எடுக்கும். ஃபேன், லைட்டுக்கு அது போதும், சர்வருக்குப் போதாது. யுபிஎஸ் மோடில் 180 வோல்ட்டுக்குக் கீழே போனதும் பேட்டரிக்குத் தாவும், நேரமும் 10 மில்லி விநாடி அளவில் முடிந்துவிடும். இந்த ஒரு சுவிட்சைத் தள்ளியதிலேயே ரீபூட் நின்றுவிட்டால் யுபிஎஸ் வாங்கும் செலவே மிச்சம்.

யுபிஎஸ் போட்டும் ரீபூட் நிற்காத வீடுகளுக்கு வருவோம். லைன் போன கணத்திலிருந்து பேட்டரி கைகொடுக்கும்வரை சில மில்லி விநாடி இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்தான் தாங்குகிறது. நல்ல ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் கனமான சுமையிலும் 16 மில்லி விநாடி அளவு தாங்க வேண்டும். ஏழெட்டு வருடம் மூடிய அலமாரிக்குள் வெந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கெப்பாசிட்டர் வற்றியிருக்கும். 10 டிகிரி சூடு கூடினால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்; சென்னை மே மாதத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வற்றியது யுபிஎஸ் தாவும் நேரத்தைக்கூடத் தாங்காது. இந்த யுபிஎஸ் பேட்டரியில் தருவது படிக்கட்டு வடிவ அலை. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள சில எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் தாவும்போது அணைந்துவிடுவதும் உண்டு. முதல் வகைக்கு எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டும், இரண்டாம் வகைக்குப் ப்யூர் சைன்வேவ் யுபிஎஸ் வேண்டும். இரண்டில் எது என்று அறிய, தெரிந்தவர் வீட்டிலிருந்து நல்ல நிலையில் உள்ள எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி வந்து மாட்டிப் பாருங்கள். பழையதைக் கழற்றி கெப்பாசிட்டர் மாற்றும் வேலையை நீங்களே செய்யாதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் அதில் தேங்கி நிற்கும்.

இரண்டு டிஸ்க் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பதிலாக 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் வரும். அது சோர்ந்து போனாலும் இதே அறிகுறிதான். லேசாக ஓடும்போது ஒன்றும் ஆகாது; ஸ்க்ரப் (டிஸ்க்கில் உள்ளதை முழுக்கப் படித்துச் சரிபார்ப்பது) ஓடும்போதும், தூங்கிய டிஸ்க்குகள் ஒன்றாக எழும்போதும் விழும். மாற்று அடாப்டரில் வோல்டேஜ் அதேதானா, பின்னின் பொலாரிட்டி (பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம்) அதேதானா என்று பார்த்து வாங்குங்கள். பர்மா பஜாரில் கிடைக்கிற 5 ஆம்பியர் அடாப்டர்களில் எடை மிகவும் குறைவாக இருப்பதைத் தொடாமல் வந்துவிடுவது நல்லது.

வைக்கும் இடமும் முக்கியம். வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரி தாழ்வான இடத்தில் தரைத்தளத்து வீடு என்றால் யுபிஎஸ்ஸைத் தரையில் வைக்கவே வேண்டாம். இரண்டடி உயரத்தில், காற்றோட்டமாக. மூடிய ஷெல்ஃபில் லெட் ஆசிட் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். இங்கே இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும் என்று கணக்கு வையுங்கள். மாற்றும்போது டெர்மினல் அகலத்தை அளந்துகொண்டு போங்கள்: 4.8 மில்லிமீட்டர், 6.3 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு இருக்கிறது.

யுபிஎஸ் வாங்கி வந்தால் இரவு முழுக்க சார்ஜ் ஏற்றி, மறுநாளே சோதித்துவிடுங்கள். முதலில் முக்கியமான ஃபைல்களுக்கு பேக்கப். பிறகு சர்வரில் ஸ்க்ரப்பை ஓடவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். பிளக்கை உருவ வேண்டாம். எர்த்தும் சேர்ந்து போய்விடும். இப்படிப் பத்து தடவை செய்ததில் சர்வர் ஒரே ஒரு தடவை விழுந்தாலும் சிக்கல் இருக்கிறது. கடையில் திருப்பித் தரும் நாள் முடிவதற்குள், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியும் ஒரு முறை இதே சோதனையைச் செய்து பார்த்துவிடுங்கள்.