டிரம்ஸுக்கு ‘ஃபுல் செட்’ ஹெட் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: அடிப்பக்கத்தைக் கழற்றிப் பாருங்கள்

கிட்டில் (டிரம்ஸின் முழுத் தொகுப்பில்) உள்ள எல்லா ஹெட்டையும் (டிரம்மின் மேலும் கீழும் இழுத்து மாட்டும் படலம்) மாற்றி, ட்யூனிங்கும் செய்து கையில் தருகிறோம் என்று சொல்லி மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற மேல்பக்கத்தில் நான் கேட்டதைச் சரியாகப் போட்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எல்லாம் வேறு கதை. டாம்களின் அடியில் என் பழைய ஹெட்டே துடைத்து மாட்டப்பட்டிருந்தது, ஸ்னேரின் (அடியில் கம்பிகள் ஒட்டிக் கிடக்கும் டிரம்) அடியில் அங்கே போடவே கூடாத ஹெட், கிக்கில் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) சாதா ஹெட்டைப் போட்டு உள்ளே தலையணையைத் திணித்து மறைத்திருந்தார்கள். இதே மாதிரி ‘பேக்கேஜ்’ பேசிக் கொடுக்கப் போகிறவர்கள், முக்கியமாகப் பிள்ளைகளின் கிட்டையோ பள்ளிக்கூடத்து கிட்டையோ பராமரிக்கிறவர்கள், முழுவதும் படித்துவிட்டுக் கொடுங்கள்.

நான் என்ன கேட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 10, 12 அங்குல டாம்கள், 14 அங்குல ஃப்ளோர் டாம், 22 அங்குல கிக், 14 அங்குல ஸ்னேர். டாம்களுக்கு மேலே தெளிவான இரட்டை அடுக்கு ஹெட், கீழே தெளிவான ஒற்றை அடுக்கு 10 மில். ஸ்னேருக்கு மேலே கோட்டிங் உள்ள ஒற்றை அடுக்கு 10 மில், கீழே 3 மில் ஸ்னேர் சைட், அதாவது ஸ்னேரின் அடிக்கென்றே வரும் மெல்லிய ஹெட். கிக்கில் அடிக்கும் பக்கத்துக்கு, விளிம்பை ஒட்டி உள்பக்கம் வளையம் பதித்த ஒற்றை அடுக்கு. கிக்கின் முன்பக்க ஹெட்டை மாற்ற வேண்டாம். இதைத் தாளில் எழுதியே கொடுத்தேன்.

மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 மில் என்றால் சுமார் கால் மில்லிமீட்டர். கன்றுத் தோலை இழுத்துக் கட்டிய காலத்தில் இந்தக் கணக்குக்கு இடமே இல்லை. ஒவ்வொரு தோலும் ஒரு கனம், ஈரக்காற்று பட்டால் தளர்ந்துவிடும், வறண்டால் இறுகிவிடும். 1950களில் பாலியஸ்டர் படலம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. ரீமோ பெல்லி, டிரம் ஹெட் செய்யும் தன் ரீமோ கம்பெனியைத் தொடங்கியது 1957இல். அதிலிருந்து ஹெட்டின் கனம் நம்பி வாங்கக்கூடிய ஓர் எண்ணாக ஆனது. ரீமோவின் அம்பாசடர், இன்னொரு கம்பெனியான எவன்ஸின் ஜி1 இரண்டுமே ஒற்றை அடுக்கு 10 மில். எம்பரர், ஜி2 இரண்டும் 7 மில் படலங்கள் இரண்டைச் சேர்த்தவை. டிப்ளமேட் 7.5 மில். ஸ்னேரின் அடிக்கென்றே வரும் ஹெட்டுகள் 2, 3, 5 மில்லில் கிடைக்கும், பெரும்பாலோர் போடுவது 3. இவ்வளவு துல்லியமாகப் பெயரும் எண்ணும் இருக்கிற பொருளில் “எல்லாம் ஒண்ணுதான் தம்பி” என்று ஒருவர் சொன்னால் அதை ஏற்கவே முடியாது.

இனி நடந்தது. கிட் திரும்பி வந்ததும் டாம்களை அடித்தேன். மேலே புது ஹெட் பளபளவென்று இருக்கிறது, குச்சி படும் இடத்தில் அந்த இரட்டை அடுக்கின் கனமான அடி கேட்கிறது, ஆனால் அடித்த அடுத்த கணமே நாதம் செத்துவிடுகிறது. புது ஹெட் படிய ஒருநாள் பிடிக்கும் என்று விளக்கம் வந்தது. புது ஹெட் படிவது உண்மைதான். படியும்போது சுருதி இறங்கும், நாதம் சாகாது. ட்யூனிங் கீயை எடுத்து அடிப்பக்கத்தைச் சுருதி சேர்க்கப் பார்த்தேன். ஒவ்வொரு லக் (இறுக்கும் ராடு ஏறும் மரை உள்ள பிடி) அருகிலும் விரலால் தட்டினால் ஒவ்வொரு சுருதி. ஒரு ராடை, அதாவது ஹெட்டை இறுக்கும் திருகை, முறுக்கினால் எதிர்ப்பக்கம் ஓடிப்போகிறது. எவ்வளவு பொறுமையாகச் செய்தாலும் ஒன்றுசேரவில்லை.

அடி ஹெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். விளிம்பை ஒட்டி இரண்டு வட்டக் கோடுகள். ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு, ஓரிடத்தில் சேர்ந்தும் எதிர்ப்பக்கத்தில் நூலளவு விலகியும் ஓடின. இது எதனால் வருகிறது என்பதை டிரம்ஸ் வைத்திருக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். டிரம்மின் மர விளிம்பு நாளடைவில் படலத்தில் தன் தடத்தைப் பதித்துவிடும். அந்த ஹெட்டைக் கழற்றித் திருப்பி மாட்டினால் பழைய தடத்தில் அச்சாக உட்காராது, கொஞ்சம் தள்ளி இன்னொரு தடம் விழும். புது ஹெட்டில் இரண்டாவது கோட்டுக்கு வழியே இல்லை. அதோடு, ஃப்ளோர் டாமின் ஹெட்டில் பழைய டேப் ஒட்டியிருந்த பசையின் மங்கல், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் போகாமல் ஒரு சதுரமாக நின்றது. அந்த டேப்பை ஒட்டியது நான்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். டாமின் அடி ஹெட்டை மாற்றாமல் விடுவது குற்றமே இல்லை. குச்சி படாத பக்கம், அதனால் மேல் ஹெட்டைவிட நீண்ட காலம் வரும். மேல் ஹெட்டைப் பலமுறை மாற்றிவிட்டு அடியை ஒருமுறை மாற்றுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். “அடி இன்னும் நல்லா இருக்கு, இப்போதைக்கு வேண்டாம்” என்று என்னிடம் சொல்லி, அந்தப் பணத்தையும் கழித்திருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். புது ஹெட்டுக்கான பணத்தை வாங்கிக்கொண்டு பழையதைத் துடைத்து மாட்டியது ஏமாற்று வேலை.

ஸ்னேரில் செய்திருந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஓங்கி அடித்தால் ஏதோ சத்தம் வந்தது. மெதுவாக, குச்சியை லேசாக உதிர விட்டு வாசிக்கும் கோஸ்ட் நோட் ஒன்றுகூடக் கேட்கவில்லை. கம்பிகள் பேசவே இல்லை. வெறும் டாம் மாதிரி ‘டொக்’ என்கிறது. கம்பியை இறுக்கினால் மூச்சு முட்டுகிறது, தளர்த்தினால் கடகடவென்று தனியாக அடித்துக்கொள்கிறது. புரட்டிப் பார்த்தால் அடியில் இருப்பது டாம்களுக்குப் போடும் தெளிவான 10 மில் ஹெட்.

எப்படி இது நடக்க முடிந்தது என்றால், என் ஸ்னேரும் ஃப்ளோர் டாமும் ஒரே 14 அங்குலம். ஃப்ளோர் டாமின் அடிக்கு வந்த புது ஹெட் ஸ்னேருக்கும் கச்சிதமாகப் பொருந்தும், ரிம் (ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் வளையம்) உட்காரும், ராடு முறுக்கேறும், எதுவும் தடுக்காது. ஸ்னேர் சைட் ஹெட் கையிருப்பில் இல்லை போலிருக்கிறது. ஃப்ளோர் டாமுக்குரியதை இங்கே மாட்டி, ஃப்ளோர் டாமுக்குப் பழையதையே மாட்டிவிட்டார்கள்.

ஸ்னேரின் அடியில் மெல்லிய ஹெட் வேண்டும் என்பது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. மேலே அடித்த அதிர்வு உள்காற்று வழியாகக் கீழே வந்து அந்தப் படலத்தை அசைத்தால்தான் அதை ஒட்டிக் கிடக்கும் கம்பிகள் துள்ளும். 3 மில் படலம் சின்ன அதிர்வுக்கும் அசையும். அதைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமான ஒன்றை அசைக்கப் பெரிய அடி தேவை. போதாததற்கு, கம்பி வந்து போகும் இரண்டு இடங்களில் ஸ்னேரின் மர விளிம்பு சற்றே தாழ்த்திச் செதுக்கப்பட்டிருக்கும். மெல்லிய படலம் அந்தத் தாழ்வில் வளைந்து படியும். 10 மில் அங்கே படியாது. என்னுடையதில் அந்த இரண்டு இடத்திலும் சுருக்கம் விழுந்து, கம்பியின் முனைகள் ஹெட்டைத் தொடாமல் அந்தரத்தில் நின்றன. நகத்தை இடையில் விட முடிந்தது.

ஹெட் மாற்றிக் கொடுத்தவரிடம் போனில் கேட்டேன். “அண்ணா, ஸ்னேருக்கு அடியில ஸ்னேர் சைடுதானே எழுதிக் கொடுத்தேன்?”

“தம்பி, அது ரொம்ப மெல்லிசு, சீக்கிரம் கிழிஞ்சிடும். உங்க நல்லதுக்குத்தான் தடியா போட்டேன். ரெண்டு பக்கமும் தடியா இருந்தா சவுண்டும் கனமா வரும்.”

அடிக்காத பக்கம் எப்படிக் கிழியும்? குச்சியால் அடித்தால் ஸ்னேர் சைட் கிழியும், நிச்சயம். அங்கே யாரும் அடிப்பதில்லை. ‘ரெண்டு பக்கமும் தடி’ என்ற பேச்சு இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் கேட்கிறவருக்கு அது நியாயமாகப் படும். குச்சியின் அடியையும் கைக்குப் படும் துள்ளலையும் பெரும்பாலும் முடிவு செய்வது மேல் ஹெட். நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது, அதன் நிறம் என்ன என்பதில் அடி ஹெட்டுக்குப் பெரிய பங்கு. மேலே இரட்டை அடுக்கு போட்டால் அடி தாங்கும், மேல் ஓசைகள் குறையும். அப்போது கீழே ஒற்றை அடுக்கு இருந்தால்தான் டிரம் வாய் திறந்து பேசும். இரண்டையும் ஒரே சுருதியில் வைத்தால் நாதம் நீளும், விலக்கினால் குறுகும். கீழேயும் தடியாகப் போட்டால் வருவது கனமான சத்தம் அல்ல, சுருங்கின சத்தம். அந்தச் சத்தம்தான் வேண்டும் என்று தெரிந்தே போடுகிறவர்கள் போடலாம். கேட்காதவனுக்குப் போட்டுவிட்டு ‘உங்க நல்லதுக்கு’ என்று சொல்லக் கூடாது.

கிக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வளையம் பதித்த ஹெட் கேட்டேன், சாதா ஒற்றை அடுக்கு போட்டிருந்தார்கள். வளையம் விளிம்பில் எழும் தேவையில்லாத ரீங்காரத்தை அடக்கி, அடிநாதத்தை விட்டுவைக்கும். அது இல்லாமல் சாதா ஹெட் ‘பூம்’ என்று ஓடும், அதை அடக்க ஒரு தலையணை. தலையணை எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்றாலும், தெளிவான ஹெட்டாக இருந்தால் விளக்கைக் காட்டினாலே உள்வளையம் தெரியும்.

கடைசியாகக் கண்டுபிடித்தது ஃப்ளோர் டாமின் ஒரு ராடு. கோணலாக ஏறி நின்றது, அதன் வாஷரும் இல்லை. முறுக்குவதற்கு மின்சார டிரில்லில் கீ முனையைப் பொருத்தி ஓட்டியிருக்கிறார்கள். அதை அவரே பெருமையாகச் சொன்னார். ராடுகளை முதலில் விரலாலேயே ஏற்றி, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். டிரில்லுக்கு மரை சரியாகப் பிடித்ததா இல்லையா என்று தெரியாது, வெட்டிக்கொண்டு போய்விடும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது மாட்டிக்கொண்ட இடம் பில். அதில் எழுதியிருந்தது ‘டிரம் ஹெட் செட், பொருத்துகூலி உட்பட’. எந்த டிரம்முக்கு எது, மேலா கீழா, எத்தனை மில் என்ற எதுவும் இல்லை. என் தாள் அவரிடம். போட்டோ எடுத்து வைத்திருந்தேன், அதைக் காட்டிய பிறகே ஸ்னேர் சைட் ஹெட் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். டாம்களின் அடி ஹெட்டுகளைப் பற்றிக் கேட்டால், “புதுசுதான் போட்டோம், நீங்க மாத்திட்டு வந்தா நாங்க என்ன பண்றது?” என்கிறார். கழற்றிய பழைய ஹெட்டுகளைத் திருப்பித் தாருங்கள், எண்ணிப் பார்ப்போம் என்றேன். குப்பையில் போட்டாயிற்றாம்.

அதனால் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது. பில்லில் ஒவ்வொரு ஹெட்டும் தனி வரியாக வர வேண்டும்: அங்குலம், மேலா கீழா, வகைப் பெயர். மறுத்தால் அங்கேயே கிட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். புது ஹெட்டுகளை மாட்டும் முன் அட்டைப்பெட்டியோடு உங்கள் கையில் காட்டச் சொல்லுங்கள். ஸ்னேர் சைட் என்றால் ஹெட்டிலேயே அப்படி அச்சிட்டிருக்கும், கையில் எடுத்தாலே மெல்லிய தாள் மாதிரி சலசலக்கும். தெளிவான இரட்டை அடுக்கை விரலால் அழுத்தினால் இரு படலங்களுக்கும் நடுவே வானவில் நிறத் திட்டுகள் நகர்வதைப் பல ஹெட்டுகளில் பார்க்கலாம். நகத்தால் சுண்டினால் ஒற்றை அடுக்கு கணீரென்கும், இரட்டை அமுங்கி ஒலிக்கும். பழைய ஹெட்டுகளில் கொடுக்கும் முன்பே விளிம்போரம் மார்க்கரால் சின்னக் குறி போட்டு, எல்லாவற்றையும் திருப்பிக் கேளுங்கள். முடிந்தால் கூடவே இருங்கள். புது ஹெட்டை முதலில் இறுக்கும்போது சில வகைகளில் விளிம்புப் பசை படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்கும். அது சகஜம், அதற்காகப் பயந்து யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

அதைவிட நல்ல வழி, ஹெட்டை மட்டும் வாங்கி நீங்களே மாட்டுவது. ஒரு ட்யூனிங் கீ போதும். முதல்முறை ஒரு மாலைப்பொழுது ஓடிவிடும், அவ்வளவுதான்.

டாம்களுக்கு அடி ஹெட்டை இப்போது வேறு இடத்தில் தனியாக வாங்கி நானே மாட்டிவிட்டேன். கிக்குக்கு வளைய ஹெட் வர வேண்டும். ஃப்ளோர் டாமில் ராடை மட்டும் மாற்றினால் போதவில்லை, லக்கின் உள்மரையே தேய்ந்துவிட்டது, லக்கையே மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் டாம் ஹெட்டுகளின் பணத்தையும் கேட்டு, போட்டோக்களோடு எழுத்தில் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.