பழைய டியூப் பேஸ் ஆம்ப்: 300 வாட்டா, 100 வாட்டா, 30 வாட்டா?

கைமாறி வரும் டியூப் பேஸ் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஓடும் பேஸ் கிடார் ஒலிபெருக்கி) தேடுகிறவர் முன்னால் பெரும்பாலும் மூன்று வகை வந்து நிற்கும். முதலாவது, ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய டியூப்களான பவர் டியூப்கள் ஆறில் 300 வாட் தரும் ஆம்பெக் எஸ்விடி. அடுத்தது, நான்கு பவர் டியூப்களில் 100 வாட் தரும் ஆம்பெக் வி-4பி, ஃபெண்டர் பேஸ்மேன் 100 போன்ற ஹெட்கள் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டிகள்). மூன்றாவது, இரண்டே 6எல்6 டியூப்களில் 25 முதல் 30 வாட் தரும் ஆம்பெக் பி-15என். மூன்றின் ஒலியையும் புகழ ஆள் உண்டு. ஆனால் பழையதை வாங்கும்போது முதல் கேள்வி வேறு: ஒன்று கெட்டால் கூடவே எதெல்லாம் கெடும், அதைக் காசு கொடுக்கும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா? இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு நடு வகைதான் சரி.

வாட் கணக்கை முதலில் முடித்துவிடலாம். 100 வாட்டுக்கும் 300 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 5 டெசிபெல்கூட இல்லை. காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். எஸ்விடியின் பேருக்குப் பாதிக் காரணம் அதோடு நிற்கும், பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட கேபினெட். அதே கேபினெட்டில் ஒரு நல்ல 100 வாட் ஹெட்டைப் போட்டால் பலருக்கும் ஆசை தீர்ந்துவிடும். பி-15என் கதை வேறு. டிரம்ஸ் ஓங்கி அடித்தால் அது சீக்கிரமே உடைந்த ஒலிக்கு (டிஸ்டார்ஷன்) போய்விடும். ரெக்கார்டிங்குக்கும் சிறிய அறைக்கும் அதற்கு ஈடு இல்லை.

எஸ்விடி 1969இல் வந்தது. தொடக்கத்தில் அதில் இருந்தவை 6146பி டியூப்கள், பின்னால் 6550 வந்தது. தலையில் உலோகத் தொப்பி வைத்த டியூப் தெரிந்தால் அது 6146பி. ரேடியோ டிரான்ஸ்மிட்டருக்காகச் செய்த டியூப் என்பதால் பொருந்தும் ஆறைச் சேர்ப்பது பெரும்பாடு. 6550 மாடலிலும் ஆறும் ஒரே அளவு மின்னோட்டம் இழுக்க வேண்டும். ஆனோடில் (டியூப்பின் உள்ளே இருக்கும் தகடு) 700 வோல்ட் அளவுக்கு நிற்பதால் ஒரு டியூப் ஷார்ட் ஆனால் அதன் ஸ்கிரீன் என்ற வலைக்குப் போகும் ரெசிஸ்டரும் சேர்ந்து எரியும். ஹெட்டின் எடை மட்டும் 36 கிலோவுக்கு மேல். பின்னாளைய எஸ்விடி-சிஎல் மாடலில் பயாஸ் (டியூப் சும்மா நிற்கும்போது எவ்வளவு மின்னோட்டம் இழுக்க வேண்டும் என்று வைக்கும் அளவு) பார்க்கப் பின்பக்கம் விளக்குகள் இருப்பது பெரிய நிம்மதி. பெரிய மேடை, நம்பகமான மெக்கானிக், தூக்க இரண்டு பேர் என மூன்றும் இருந்தால் மட்டும் எஸ்விடி பக்கம் போகலாம்.

நடு வகைக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. பேஸ்மேன் 100இல் நான்கு 6எல்6ஜிசி. இன்றும் பல கம்பெனிகள் செய்கிற டியூப், ஆகவே உதிரிக்குக் கவலை இல்லை. அந்தக் கால ஃபெண்டர்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் திருகு பயாஸ் அளவை மாற்றாது, இரு பக்கத்தையும் சமப்படுத்த மட்டுமே உதவும். டியூப் மாற்றினால் மெக்கானிக் ஒரு ரெசிஸ்டரையும் மாற்ற வேண்டி வரலாம். பழைய வி-4பியின் சிக்கல் 7027ஏ டியூப். அதன் 1, 6ஆம் பின்களிலும் உள்ளே இணைப்பு உண்டு, 6எல்6இல் கிடையாது. சாக்கெட்டில் எந்தப் பின்னுக்கு வயர் போயிருக்கிறது என்று பார்க்காமல் 6எல்6 சொருகக் கூடாது. டியூப்பின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்குப் பயாஸ் போகாவிட்டால் டியூப் கட்டுப்பாடில்லாமல் மின்னோட்டம் இழுத்துக் கெட்டுவிடும். நான்கு 6550 கொண்ட 200 வாட் ஆரஞ்சு ஏடி200 எஸ்விடிக்கும் இந்த 100 வாட் வகைக்கும் இடையில் வரும். நல்ல நிலையில் கிடைத்தால் எஸ்விடியை விட அதுவே மேல்.

சோதிக்கப் போகும்போது சொந்த பேஸ், ஆம்புக்குச் சரியான ஓம் (மின்தடை அளவு) உள்ள கேபினெட், ஸ்பீக்கர் கேபிள் மூன்றும் கையில் இருக்கட்டும். கிடார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடக் கூடாது. ஸ்பீக்கர் இணைக்காத டியூப் ஆம்பில் சிக்னல் கொடுத்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி, சுற்றுக்குள் பொறி பறந்து டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும். மூன்று வகையிலும் விலை அதிகமான உதிரிகளில் அதுவும் ஒன்று.

பிளக் சொருகும் முன் பின்பக்கம் பாருங்கள். ஊருக்கு ஏற்ற வோல்டேஜா, ஃபியூஸ் எழுதியிருக்கும் அளவுதானா? பெரிய ஃபியூஸோ ஃபாயில் சுற்றியதோ இருந்தால், அடிக்கடி ஃபியூஸ் போன ஆம்ப் என்று பொருள், அங்கேயே விட்டுவிடலாம். இரண்டு முனை பிளக்கோடு இருக்கும் பழைய அமெரிக்க ஆம்பில் மெயின்ஸிலிருந்து சேஸிக்கு (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) ஒரு கெப்பாசிட்டர் போகும். அது ஷார்ட் ஆனால் பேஸ் கம்பியிலேயே ஷாக் அடிக்கும். மூன்று முனை வயர் போட்டு, அந்தக் கெப்பாசிட்டரை எடுத்த பிறகுதான் வாசிக்க வேண்டும்.

ஸ்டாண்ட்பையில் (டியூப் சூடாகும், ஒலி வராத நிலை) ஒரு நிமிடம் சூடாக விட்டு, பிறகு ஆன் செய்து, விளக்கை அணைத்துப் பவர் டியூப்களைப் பாருங்கள். கண்ணாடியின் உள்சுவரில் நீல ஒளி தெரிந்தால் பயமில்லை. உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடு செக்கச் சிவந்தால் உடனே அணைக்க வேண்டும். பயாஸ் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும், கப்ளிங் கெப்பாசிட்டர் (சிக்னலை மட்டும் அடுத்த டியூப்புக்கு விடுவது) கசிந்திருக்கும், அல்லது டியூப்பே பழுதாகியிருக்கும். முதல் இரண்டும் மலிவான உதிரிகள், விலை பேசி வாங்கலாம்.

அடுத்து வால்யூமை முழுதாகக் குறைத்து உறுமலைக் கேளுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊரில் 100 ஹெர்ட்ஸ் உறுமல் வந்தால் பெரும்பாலும் ஃபில்டர் கெப்பாசிட்டர் (உள் மின்சாரத்தைச் சீராக்குவது) வயதாகிவிட்டது. பிறகு விரல் வைக்காமல் இ கம்பியை (41 ஹெர்ட்ஸ்) ஓங்கி அடித்து முழுதாக ஒலிக்க விடுங்கள். சுரத்துக்கு அடியில் சுருதி சேராத இன்னொரு மெல்லிய சுரம் கேட்டால் அதுவும் அதே கெப்பாசிட்டர் கோளாறுதான். பென்சில் முனையால் சிறிய டியூப்களைத் தட்டுங்கள். மணி அடிப்பதுபோல் ஸ்பீக்கரில் கேட்டால் அந்த டியூப்பை மாற்ற வேண்டும். குமிழ் திருப்பும்போது வரும் கரகரப்பு கிளீனரில் போகும். கிளீனருக்கும் போகாவிட்டால் அந்தக் குமிழுக்குள் டிசி (நேர் மின்னோட்டம்) கசிகிறது.

இவ்வளவும் ஐந்து நிமிடத்தில் முடியும். ஆனால் சூடேறினால் மட்டும் தலைகாட்டும் கோளாறுகளுக்கு அரை மணி நேரம் சத்தமாக வாசிக்க வேண்டும். இங்கேதான் எஸ்விடி வாங்குபவர் மாட்டிக்கொள்வார்: வீட்டில் அதை முழுச் சத்தத்தில் யார் வாசிக்க விடுவார்கள்? 100 வாட் ஹெட்டை ஒரு ஒத்திகை அறையில் உழைக்க வைத்துப் பார்த்துவிடலாம். பி-15என்னை வரவேற்பறையிலேயே பார்க்கலாம்.

வாங்கிய பிறகு முதல் வேலை மெக்கானிக்கிடம் பயாஸ் அளப்பது. நீங்களே மூடியைத் திறக்க வேண்டாம், பிளக் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். 30 வாட் வரை வெப்பம் தாங்கும் 6எல்6ஜிசிக்கு, சும்மா நிற்கும்போது அதில் 70 சதவீதம் உச்சம். ஆனோடில் 450 வோல்ட் என்றால் டியூப் ஒன்றுக்கு 46 மில்லியாம்ப். 15 அல்லது 20 வருடமாக மாற்றாத எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் இருந்தால் அத்தனையையும் ஒரே தடவையில் மாற்றச் சொல்லி, அந்தச் செலவை விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.