பிடிஎம்7950 ஷீட்: பழைய லேப்டாப்புக்கு பேஸ்ட்டை விட இதான் சரி

என்கிட்ட இருக்கறது 2019ல வாங்கின கேமிங் லேப்டாப், ப்ராசஸர் ஐ5-9300எச், கூட கிராபிக்ஸுக்கு ஜிடிஎக்ஸ் 1650. கத்திரி வெயில்ல இதுல ஏதாச்சும் ரெண்டர் போட்டுட்டு அம்மாகிட்ட போன் பேசினா "என்னடா அங்க மழையா"ன்னு கேப்பாங்க, ஃபேன் சத்தம் அப்படி. சூட்டை அளந்து காட்டற எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேர்ல பாத்தா 98 டிகிரி. 100ஐ நெருங்குனா ப்ராசஸர் தன்னைக் காப்பாத்திக்க ஸ்பீடை குறைச்சிடும்ல, அதனால 4 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போக வேண்டியது 2.4லயே முக்கிட்டு கெடந்துச்சு.

மொதல்ல ஒரு சர்வீஸ் கடையில கொடுத்தேன், பேரு வேணாம் விடுங்க. 800 ரூபா. ரெண்டே வாரத்துல பழையபடி சூடு. அப்புறம் நானே பிரிச்சு பாத்தப்பதான் தெரிஞ்சுது, வெள்ளை தெர்மல் பேஸ்ட்டை (ப்ராசஸர் சூட்டை அதுமேல உக்கார்ற ஹீட்சிங்க்ங்கற உலோகத்துக்கு கடத்தற பசை) தோசையில சட்னி ஊத்துன மாதிரி ஊத்தி வெச்சிருக்காங்க, ஆனா ஃபேனுக்கும் சூட்டை வெளிய விடற காப்பர் தகடுகளுக்கும் (ஃபின்) நடுவுல கம்பளி மாதிரி தூசி அப்படியே இருக்கு. காத்து வெளிய போற வழியே அடைச்சிருந்தா எந்த பேஸ்ட் போட்டு என்ன?

தூசியை எடுத்துட்டு, நாலு பேரு நல்லா இருக்குன்னு சொன்ன ஒரு பேஸ்ட்டை நானே போட்டேன். 83க்கு வந்துச்சு, செம சந்தோஷம். நாலு மாசம் கழிச்சு பாத்தா 93. அதை குறை சொல்லல, லேப்டாப்ல இது சகஜம்தான். டெஸ்க்டாப் ப்ராசஸருக்கு மேல ஒரு மெட்டல் மூடி இருக்கும், லேப்டாப்ல டை (சிப்போட சிலிக்கான் துண்டு) மொட்டையா இருக்கும், ஹீட்சிங்க் நேரா அதுமேல உக்காரும். சூடாகி ஆறி சூடாகி ஆறி ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா விரிஞ்சு சுருங்கறதுல பேஸ்ட் நடுவுலேர்ந்து ஓரத்துக்கு பிதுங்கிடும், பம்ப் அவுட்னு சொல்லுவாங்க. தண்ணியா இருக்கற பேஸ்ட்னா இன்னும் சீக்கிரம்.

இதுக்குதான் ஹனிவெல் பிடிஎம்7950. பேஸ்ட் இல்ல, மெல்லிசா ஷீட். சாதாரணமா கெட்டியா இருக்கும், 45 டிகிரி கிட்ட போனா இளகி இடுக்கெல்லாம் நிரப்பிக்கும், ஆனா வழிஞ்சு ஓடாது. லெனோவா லீஜியன் மாடல் சிலதுல கம்பெனியிலேயே இதான் போட்டு வருது.

போடறதுதான் கொஞ்சம் கடுப்பு. பேட்டரி கனெக்டரை கழட்டிட்டு, ஹீட்சிங்க் ஸ்க்ரூவை அதுமேல போட்டிருக்கற நம்பர் பாத்து கழட்டணும் (நான் பின்பக்க கவரை நெம்பறப்பவே ஒரு க்ளிப்பை உடைச்சேன், இன்னிக்கும் அந்த மூலை தூக்கிட்டுதான் இருக்கு). பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வெச்சு சுத்தமா தொடைச்சுட்டு, ஷீட்டை டை சைஸுக்கு வெட்டி ஒட்டணும். ரூம் சூட்டுல ஷீட் மேல இருக்கற பிளாஸ்டிக்கை உரிச்சா ஷீட்டும் சேந்து வந்துடும், எனக்கு ஒரு துண்டு அப்படியே கிழிஞ்சு வேஸ்ட். பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்தேன், அழகா உரிஞ்சுது. மெமரி சிப் மேல இருக்கற தெர்மல் பேட்ல (சூட்டை கடத்தற மெத்து மெத்துன்னு இருக்கற பட்டை) கை வெக்காதீங்க, வேற தடிமன்ல மாத்துனா ஹீட்சிங்க் சரியா உக்காராது.

மொத நாள் பாத்துட்டு "காசு போச்சே"ன்னு நெனச்சேன், 90. நாலஞ்சு தடவை நல்லா சூடாகி ஆறுனப்புறம் 84ல நின்னுச்சு. இப்ப ஏழு மாசம், அதே வேலைக்கு 85. மார்கழியில எடுத்த ரீடிங்கையும் சித்திரையில எடுத்ததையும் ஒப்பிடாதீங்க, ரூம் சூடு ஏறுனா இதுவும் ஏறும், நான் சொன்ன 84, 85 ரெண்டும் ஏசி 26ல எடுத்தது.

குறைன்னா விலை, பேஸ்ட்டை விட ஜாஸ்தி. போலியும் நிறைய சுத்துது, அதனால ரொம்ப சீப்பா கிடைச்சா சந்தேகப்படுங்க. பேஸ்ட்டுக்கு பதிலா போடற லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) இன்னும் கூலா வெக்கும்னு சில பேரு உசுப்பேத்துவாங்க, அது கரண்ட் கடத்தும், ஒரு சொட்டு போர்டுல விழுந்தா ஜோலி முடிஞ்சுது, போதாததுக்கு அலுமினியத்தையும் அரிக்கும். பிரவுசிங் மட்டும் பண்ற லேப்டாப்னா ஷீட்டெல்லாம் தேவையே இல்ல, தூசியை மட்டும் எடுங்க.

பாதி ஷீட் மிச்சம் இருக்கு, ரூம்மேட் லேப்டாப்புக்கும் போட்டு விடறேன்னு சொன்னா கிட்டயே விட மாட்டேங்கறான். க்ளிப் உடைஞ்சப்ப அவன்தான் டார்ச் பிடிச்சுட்டு நின்னான்.