இடக்கைக்கும் வேலை தரும் பலகை: ஐபேட் புரோவும் பென்சில் புரோவும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் திருமண அழைப்பிதழ்களும் தைப்பூசப் பதாகைகளும் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். 2024 மே மாதம் வெளிவந்த 13 அங்குல, எம்4 சில்லுள்ள ஐபேட் புரோவையும், அதன் பேனாவான பென்சில் புரோவையும் டிஆர்எக்ஸ் வளாகத்தின் ஆப்பிள் கடையில் வாங்கி, ஓராண்டுக்கு மேலாகப் புரோகிரியேட் செயலியில் வரைந்து வருகிறேன். இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பேனா நுனியின் நுட்பத்தையே புகழ்கிறார்கள். பேனா பிடிக்காத கை என்ன செய்கிறது என்பதை வைத்தே நான் இதை மதிப்பிடுகிறேன்.

புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவரைப் பாருங்கள். ஊசி வலக்கையில் இருந்தாலும், துணியை இழுத்து, மடித்து, தையல் விழவேண்டிய இடத்தை ஊசிக்கு நேரே கொண்டுவருவது இடக்கைதான். பிரெஞ்சு ஆய்வாளர் ஈவ் கியார் 1987-இல் வெளியிட்ட கட்டுரை இந்தப் பங்கீட்டைத்தான் விளக்குகிறது: இடக்கை முந்திச் சென்று களத்தை அமைக்க, வலக்கை அதற்குள் நுணுக்கமாக இயங்குகிறது. தாளில் எழுதும்போது இடக்கை தாளை நகர்த்தவிடாமல் தடுத்தால், எழுதும் வேகம் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைகிறது என்பதையும் அவர் குறிப்பிடுகிறார்.

தமிழ் எழுத்துகளை வரைபவருக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். 'ஐ', 'ஞ' போன்றவற்றின் சுழிகள் ஒரே போக்கில் செல்வதில்லை. மணிக்கட்டோ ஒரு பக்கமாக மட்டுமே சீரான வளைவை இழுக்கும். ஆகவே சுழி திரும்பும் இடத்தில் கையை முறுக்குவதைவிடத் தாளைத் திருப்புவதே நல்லது. ஐபேடில் இடக்கையின் இரண்டு விரல்களால் வரைதளத்தைத் திருப்பவும் பெரிதாக்கவும் முடிவதால், பேனாவைக் கீழே வைக்காமலே அடுத்த வளைவைத் தொடங்கிவிடுகிறேன். இரண்டு விரல்களால் ஒருமுறை தட்டினால் கடைசிக் கோடு நீங்கிவிடும். குத்துவிளக்கின் தட்டுக்காக ஒரு நீள்வட்டத்தை வரைந்து, பேனாவை எடுக்காமல் நிறுத்தி, இடக்கை விரல் ஒன்றைத் திரையில் வைத்தால் அது முழுவட்டமாகிவிடுகிறது. பேனா திரையைத் தொடாமல் 12 மில்லிமீட்டர் உயரத்துக்குள் நிற்கும்போதே தூரிகையின் உருவம் தெரிகிறது. அப்போது இடக்கை விரல்களை விரித்தும் குவித்தும் அதன் பருமனை மாற்றலாம். இந்த ஒரு வசதிக்காகவே பணம் கொடுத்திருப்பேன்.

இதற்கு முன் வேறொரு நிறுவனத்தின் பேனாத் திரையை வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். அது என் உள்ளங்கையையும் விரலென்றே எடுத்துக்கொண்டு, அழைப்பிதழின் ஓரங்களில் கேட்காத கோடுகளைப் போட்டது. கடைசியில் தொடுவசதியை அணைத்துவிட்டு இடக்கையை விசைப்பலகைக்கு அனுப்பினேன். அங்கே ஒரு விசையை அழுத்தினால் தளம் குறிப்பிட்ட பாகை திரும்புமே தவிர, எனக்கு வேண்டிய அளவில் வந்து நிற்காது.

பென்சிலைச் சுழற்றினால் தூரிகையும் சுழல்வது, பட்டை முனையால் எழுதிப் பழகியவர்களுக்கு இயல்பாக இருக்கும். அதை அழுத்திக் கருவிப் பட்டியலை வரவழைக்கும் வசதி எனக்குத் தேவைப்படவில்லை; அந்த வேலையை இடக்கை ஏற்கெனவே செய்கிறது. இரண்டாம் தலைமுறைப் பென்சில் இந்த ஐபேடில் வேலை செய்யாது என்பதால், பழையதை வைத்திருப்பவர்களும் புதிதாக வாங்கியே ஆக வேண்டும். இது எரிச்சலூட்டும் செலவுதான்.

எடை 579 கிராம். எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு வரைய முற்பட்டால் பலகையைப் பிடிப்பதிலேயே இடக்கை போய்விடும். பிறகு இது வெறும் விலையுயர்ந்த ஏடுதான். சரிவான தாங்கி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். பெரும்பாலும் கையில் வைத்தே வரைபவர்களுக்கு 444 கிராம் எடையுள்ள 11 அங்குலம் பொருந்தும்.

என் தங்கை இடக்கையால் வரைபவள். சனிக்கிழமைகளில் இதை எடுத்துக்கொண்டால், முதல் வேலையாகச் செயலியின் பக்கப் பட்டையை வலப்புறம் மாற்றிக்கொள்வாள். திங்கட்கிழமை காலையில் அதை மறுபடியும் இடப்புறம் நகர்த்துவது என் வேலை.