வேகத்தை மாறியில் வைத்தல்: பிஎல்சி வழியே சேர்வோ மோட்டரை இயக்கிய அனுபவம்

திருகோணமலை, சீனக்குடாவிலுள்ள சிறிய அரிசிப் பொதியிடற் கூடமொன்றில், பொலித்தீன் சுருளை இழுக்கும் உருளையின் சேர்வோ மோட்டரை (வேகமும் நிலையும் துல்லியமாகக் கட்டுப்படுத்தப்படும் மோட்டர்) மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யூ பிஎல்சி (நிரல்படுத்தக்கூடிய தொழிற்சாலைக் கட்டுப்படுத்தி) மூலம் இயக்கிப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பையின் அளவுக்கேற்ப வேகம் மாற வேண்டியிருந்ததால், அதை நிரலுக்குள் நிலையான எண்ணாக எழுதாமல், தொடுதிரையிலிருந்து மாற்றக்கூடிய தரவுப் பதிவேட்டில், அதாவது பிஎல்சியின் நினைவகத்தில் எண்ணைச் சேமிக்கும் மாறியில், வைத்தோம்.

இயக்குபவர் இடும் எண் வினாடிக்கு இத்தனை மில்லிமீற்றர் என்ற அளவில் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மோட்டரை ஓட்டும் சேர்வோ இயக்கிக்கு பிஎல்சி அனுப்பும் மின்துடிப்புகளின் அதிர்வெண்ணை, அதாவது வினாடிக்கான எண்ணிக்கையை, அவர் அறிய வேண்டிய தேவையில்லை. எங்கள் உருளையின் சுற்றளவு 200 மில்லிமீற்றர். கியர் விகிதம் 10:1, அதாவது மோட்டர் 10 முறை சுற்றினால் உருளை ஒருமுறை சுற்றும். மோட்டரின் ஒரு சுற்றுக்கு 2000 துடிப்புகள். எனவே ஒரு மில்லிமீற்றருக்கு 100 துடிப்புகள் என்று கணக்கு எளிதாக அமைகிறது. ஆனால் வினாடிக்கு 500 மில்லிமீற்றர் வேண்டுமெனில் 50,000 ஹேர்ட்ஸ் தேவைப்படும். 16 பிற் பதிவேடோ 32,767 வரைதான் தாங்கும். ஆகவே பெருக்கலையும் 32 பிற்றில் செய்து, மாறும் வேகத்தில் துடிப்புகளை வெளியிடும் பிஎல்எஸ்வி கட்டளையின் 32 பிற் வடிவமான டிபிஎல்எஸ்வியையே பயன்படுத்த வேண்டும். சேர்வோ இயக்கியில் இலத்திரனியல் கியர் விகிதத்தை (உள்வரும் துடிப்புகளை மோட்டரின் சுழற்சியாக மாற்றும் அளவுரு) எவரேனும் மாற்றினால் இந்தக் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும் என்பதால், அந்த அளவுருவைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இக்கட்டளையில் எண்ணின் குறியே சுழலும் திசையைத் தீர்மானிக்கிறது. எதிர்க்குறி எண் நுழைந்தால் உருளை பின்னோக்கிச் சுழன்று பொலித்தீனைச் சுற்றிக்கொள்ளும். ஆதலால் தொடுதிரையில் மட்டுமன்றி நிரலிலும் மேல், கீழ் எல்லைகளை வைப்பது அவசியம். இக்கட்டளைக்கு முடுக்கத்தையும் வேகத்தணிப்பையும் தரும் எம்8338 என்ற சிறப்பு ரிலே இயக்கப்படாதிருந்தால் வேகம் படிப்படியாக மாறாமல் ஒரேயடியாகத் தாவும். மெல்லிய பொலித்தீன் அதற்கு ஈடுகொடுக்காது.

மின்தடைக்குப் பின்னரும் வேகம் நினைவில் நிற்க, டி512க்கு மேற்பட்ட பதிவேடுகளைத் தேர்ந்தோம். வேகம் நிலைத்தாலும், தொடக்கக் கட்டளை நிலைக்கக் கூடாது. மின்சாரம் மீண்டதும் இயந்திரம் தானாக ஓடுவது உயிருக்கே ஆபத்து. திருகோணமலையின் உப்புக் காற்றில் இணைப்பிகள் விரைவில் துருப்பிடிப்பதால், வேகம் தடுமாறினால் நிரலைத் திறக்குமுன் துடிப்புக் கம்பியின் இணைப்பைப் பார்ப்பதே நல்லது.

பிஎல்சிஓப்பன் முறையை (பல நிறுவனங்களின் கட்டுப்படுத்திகளுக்குமான பொது நிரலாக்கத் தரநிலை) பின்பற்றும் புதிய கட்டுப்படுத்திகளுக்கு மாறுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே மோட்டரைக் குறித்த வேகத்தில் ஓட்டும் எம்சி_மூவ்வெலோசிற்றி என்ற நிரல் தொகுதி, எக்ஸிகியூட் எனும் தொடக்க உள்ளீடு 0இலிருந்து 1ஆக எழும் கணத்தில் மட்டுமே வேகத்தை வாசிக்கும். ஓடும்போது மாறியை மாற்றினால் எக்ஸிகியூட்டை மீண்டும் தூண்ட வேண்டும். அல்லது மாற்றங்களைத் தொடர்ந்து வாசிக்கச் செய்யும் கன்ரினியூவஸ்அப்டேற் உள்ளீடு இருப்பின், தொடங்கும்போதே அதை இயக்கியிருக்க வேண்டும்.