டோப்: ஒரு சொல்லை வைத்து ஒரு ஸ்லாங் அகராதியைப் பார்த்தபோது

ஆங்கிலப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது என் வேலை. நீளமான, கடினமான சொல் வந்தால் எனக்குக் கவலையில்லை. எந்த அகராதியைத் திறந்தாலும் அதற்கு அநேகமாக ஒரே பொருள்தான். பயமெல்லாம் ‘டோப்’ (dope) மாதிரி குட்டிச் சொற்களிடம்தான்.

ஆரம்பத்தில் நான் வைத்திருந்த ஆங்கிலம்–தமிழ் அகராதி இந்தச் சொல்லுக்கு ‘போதைப்பொருள்’ என்று மட்டும் போட்டிருந்தது. பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம் ஒன்றில் ஒரு நிருபர், அந்த ஆளைப் பற்றி ஏதாவது டோப் கிடைத்ததா என்று நண்பரிடம் கேட்பார். அவனிடம் போதைப்பொருள் கிடைத்ததா என்று எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு வரும் காட்சிகள் எதுவும் அந்த வரியோடு ஒட்டவில்லை. எங்கே தப்பு என்று தேடப் போனபோதுதான் ஜோனதன் கிரீனின் ஸ்லாங் அகராதி, அதாவது கொச்சைப் பேச்சுக்கான அகராதி, கண்ணில் பட்டது.

கிரீன் இங்கிலாந்துக்காரர். பல பத்தாண்டுகளாகக் கொச்சை வழக்குகளைச் சேகரித்து வருபவர். 2010இல் மூன்று பெரிய தொகுதிகளாக வந்த இந்த அகராதி 2016இல் இணையத்துக்கு வந்தது. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளின் ஆங்கில ஸ்லாங் இதில் இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பொருளைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளாததுதான். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே நாவல், நாளிதழ், பாடல் என்று பல இடங்களிலிருந்து எடுத்த மேற்கோள்கள் ஆண்டு வரிசையில் இருக்கும். அமெரிக்காவா, பிரிட்டனா, ஆஸ்திரேலியாவா என்ற குறிப்பும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி 1884இல் முதல் பகுதியை வெளியிட்டபோதே பின்பற்றிய முறை இது. தெருப் பேச்சுக்கும் அதே மரியாதை கிடைத்திருப்பதைப் பார்த்து எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

ஆண்டு எதற்கு என்று கேட்கலாம். டோப்பின் கதையைப் பாருங்கள். டச்சு மொழியில் ‘தோப்’ என்றால் தோய்த்துச் சாப்பிடும் கெட்டியான குழம்பு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அமெரிக்க ஆங்கிலத்துக்குள் வந்து, கெட்டியாக இருக்கும் எந்தத் திரவத்துக்கும் பெயரானது. நூற்றாண்டின் நடுவில் மந்தபுத்திக்காரனையும் அப்படிச் சொன்னார்கள். புகைப்பதற்காகக் காய்ச்சிய அபினும் கெட்டியான குழம்புதான், அதனால் நூற்றாண்டின் இறுதியில் அதற்கும் அதே பெயர். பந்தயக் குதிரைகளின் ஓட்டத்தை மாற்ற இந்த மாதிரி மருந்து கொடுக்கும் பழக்கம் வந்தது. எந்தக் குதிரைக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தவனிடம் இருந்தது டோப், அதாவது உள்தகவல். இது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம். என் நிருபர் கேட்டது இதைத்தான். அப்புறம் 1980களில் ஹிப் ஹாப் பாடகர்களின் வாயில் அதே சொல் ‘பிரமாதம்’ ஆகிவிட்டது. நாம் ‘படம் பயங்கரமா இருந்துச்சு’ என்று பாராட்டுகிறோமே, அப்படி. 1930களின் படத்தில் ஒருவன் இன்னொருவனை டோப் என்றால் ‘மடையன்’. 1990களின் ராப் பாடகன் ஒரு பாட்டை டோப் என்றால் ‘செம’. ஆண்டு தெரியாமல் இதில் எதையும் எழுத முடியாது.

இதை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சமாளித்துவிட முடியாது, அதையும் சொல்ல வேண்டும். ஸ்லாங் அகராதியில் தொழில்சொற்களைத் தேடக் கூடாது. முதல் உலகப்போர் விமானங்களின் துணி இறக்கைகளை விறைப்பாக்கப் பூசிய அரக்குக்கும் டோப் என்றுதான் பெயர். மின்னணுச் சில்லுகள் செய்யும்போது சிலிக்கானில் போரான், பாஸ்பரஸ் போன்றவற்றை மிகச் சிறிதளவு கலப்பதற்கு டோப்பிங் என்று பெயர். இவற்றுக்குப் பொது அகராதிதான் சரி. இன்னொன்று, விளக்கங்கள் சுருக்கமானவை, சுருக்கக் குறியீடுகளும் உண்டு. பழக ஒரு வாரம் ஆகும். கெட்ட வார்த்தைகள் ஏராளம், குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிற புத்தகமில்லை.

போன மாதம் பிறந்த சொல் வேண்டுமென்றால் அர்பன் டிக்‌ஷனரிக்குத்தான் போவேன். 1999இல் ஆரன் பெக்கம் மாணவராக இருந்தபோது தொடங்கிய தளம் அது. யார் வேண்டுமானாலும் பொருள் எழுதலாம், படிப்பவர்கள் வாக்களிக்கலாம். அதனால் வேகம் அதிகம். ஆனால் வேடிக்கைக்காக எழுதியதும் உண்மையான வழக்கும் அங்கே பக்கத்துப் பக்கத்திலேயே கிடக்கும். ஒரு பொருளை அங்கே பார்த்தால், இன்னும் இரண்டு இடத்திலாவது மக்கள் அப்படிப் பேசுவதைக் கண்ட பிறகுதான் எடுத்துக்கொள்வேன்.

மொழிபெயர்க்கிறவர்கள், பழைய ஆங்கில நாவல் படிக்கிறவர்கள் எல்லோரும் கிரீனின் அகராதியைப் பயன்படுத்திப் பாருங்கள். தேடும் முன் கதை நடக்கும் ஆண்டையும் நாட்டையும் குறித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். நான் அன்றைக்கே அந்தப் படத்தை மறுபடி திறந்து, நிருபரின் வரியை மாற்றி அனுப்பினேன்: “அந்த ஆளைப் பத்தி ஏதாவது துப்பு கிடைச்சுதா?”